தோற்கக் கற்றுத் தந்த ஆசான்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் வலக்கை ஆறு வாரம் கழுத்திலே தொங்கிக் கொண்டிருந்தது. பார்த்தவர்களெல்லாம் பேருந்துப் படியிலிருந்து விழுந்தாயா, வண்டியிலிருந்து விழுந்தாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டி வைத்தேன். உண்மையைச் சொல்ல வெட்கமாயிருந்தது. நான் எங்கும் விழவில்லை. தட்ட வேண்டிய நேரத்தில் தட்டவில்லை, அவ்வளவுதான்.

விளங்கச் சொல்கிறேன். மாலை வேளைகளில் எங்கள் ஊரில் ஒரு கூடத்தில் கலப்புத் தற்காப்புக் கலை பயிற்றுவிக்கிறார்கள். குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாம் அதில் உண்டு. பூட்டு என்பது எதிராளியின் மூட்டை அது மடங்காத திசையில் மடக்குவது, அல்லது கழுத்தை இறுக்குவது. பிடிபட்டவன் இனி மீள வழியில்லை என்று கண்டால், பிடித்தவன் உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு முறை தட்டவேண்டும். தட்டிய கணமே பிடியை விட்டுவிட வேண்டும். இதுதான் அங்கே முதல் நாள் சொல்லித் தரும் பாடம். அன்று முதலாண்டு மாணவர்கள் சிலர் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் தட்டுவதாவது என்று பல்லைக் கடித்துக் கொண்டிருந்தேன். முருங்கைக்காயை ஒடித்தாற்போல ஓர் ஓசை கேட்டது. பிடி போட்டவன் என் வகுப்புத் தோழன். அன்று முதல் அவன் அந்தக் கூடத்துப் பக்கமே வரவில்லை. கல்லூரித் தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போய்விடுவான்.

எழுத முடியாத கையோடு நூலகத்தில் உட்கார்ந்து இடக்கையால் ஏடுகளைப் புரட்டிய நாள்களில்தான் ஜிகோரோ கானோ என்ற மனிதரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. ஜூடோ என்னும் கலையை உருவாக்கியவர் என்று பொது அறிவு வினா விடையில் ஒரு வரியாக அவரைப் படித்திருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கல்லூரி முதல்வர் இருப்பார் என்று நான் நினைத்ததில்லை.

கானோ 1860ஆம் ஆண்டு ஜப்பானில், கோபே நகரை அடுத்த மிகாகே என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். அரிசியிலிருந்து சாக்கே என்ற மதுவை வடிக்கும் செல்வக் குடும்பம். பத்து வயது நிரம்புமுன் தாயை இழந்தார். தந்தை அவரைத் தோக்கியோவுக்கு அழைத்துச் சென்று நல்ல பள்ளிகளில் சேர்த்தார். ஆங்கிலத்திலும் மற்றப் பாடங்களிலும் பையன் முதல்வன். ஆனால் உருவமோ சிறியது. வளர்ந்த பின்பும் ஏறத்தாழ ஐந்தடி இரண்டங்குலந்தான். விடுதி வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது நம்மில் விடுதியில் இருப்போர்க்குத் தெரியும். படிப்பிலே முந்தும் சிறுவனை உடம்பிலே முந்தியவர்கள் அடித்தார்கள், கீழே தள்ளிச் சிரித்தார்கள்.

மெலிந்தவனும் வலியவனை வெல்லும் ஜுஜுட்சு என்றொரு பழங்கலை உண்டென்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அதைக் கற்பிக்க ஆள் தேடினார். அங்கேதான் கதை சுவைக்கிறது. 1868இல் பழைய ஆட்சி கவிழ்ந்து, 1876இல் சாமுராய்கள் வாள் அணிவதும் தடை செய்யப்பட்டுவிட்ட காலம் அது. மேல்நாட்டுத் தொப்பியும் இரயிலும் நாகரிகமாகிவிட்ட நாட்டில் ஜுஜுட்சு பழம்பஞ்சாங்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து போகிறவர்களில் அக்கலை தெரிந்த ஓரிருவரைக் கானோ கெஞ்சிப் பார்த்தார். இந்தக் காலத்தில் அது எதற்கு என்று தட்டிக் கழித்தார்கள். தந்தைக்கும் விருப்பமில்லை. ஆனால் பையன் ஒன்றைக் கவனித்தான். பிழைப்பிழந்த ஜுஜுட்சு ஆசிரியர்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களாகியிருந்தனர். ஒடிக்கத் தெரிந்தவனுக்குத்தானே ஒட்டவும் தெரியும்! ஆகவே தெருத் தெருவாக எலும்பு வைத்தியர் பலகையைத் தேடி அலைந்தார். யாகி தெய்னோசுகே என்ற முதிய வைத்தியர், தம் வீட்டில் இடம் போதாதென்று, தம் நண்பரான ஃபுகுடா ஹச்சினொசுகே என்பவரிடம் அனுப்பினார். அது 1877ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் கானோ தோக்கியோ பல்கலைக் கழகத்திலும் மாணவரானார்.

ஃபுகுடா கற்பித்தது தென்ஜின் ஷின்யோ என்னும் மரபு. கழுத்தை நெரிப்பதும் மூட்டைப் பூட்டுவதும் அதன் சிறப்பு. ஒரு நாள் ஆசிரியர் ஓர் எறிதலைச் செய்து காட்டினார். கல்லூரி மாணவரல்லவா, கானோ கேள்வி கேட்டார்: கை எங்கே இருக்க வேண்டும், கால் எந்தப் பக்கம் போக வேண்டும்? ஃபுகுடா அருகே வரச் சொன்னார். வந்தவரைத் தூக்கிப் போட்டார். கானோ எழுந்து மீண்டும் அதையே கேட்டார். மீண்டும் தரையில் விழுந்தார். மூன்றாம் முறையும் அதுவே விடையாயிற்று. ஆயிரம் முறை செய்தால் தானே தெரியும், கேட்டுத் தெரிவதில்லை என்பது அந்தப் பழைய ஆசிரியரின் கொள்கை. கானோ அதை மதித்தார், ஆனால் அதோடு நிற்கவில்லை. செய்து பார்க்கவும் வேண்டும், ஏன் என்று விளங்கவும் வேண்டும் என்று பின்னாளில் தாம் ஆசிரியரானபோது இரண்டையும் சேர்த்தார். வகுப்பில் கேள்வி கேட்டு உட்கார வைக்கப்பட்ட அனுபவமுள்ளவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது.

அந்தக் கூடத்தில் ஃபுகுஷிமா என்றொரு மூத்த மாணவர் இருந்தார். மீன் சந்தையில் உழைத்துத் திரண்ட பெரிய உடம்பு. கானோவால் அவரை அசைக்கவே முடியவில்லை. சுமோ மல்லர் ஒருவரிடம் நுணுக்கங் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. உடனே அவர் போன இடம் எது தெரியுமா? நூலகம். மேல்நாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, எதிராளியின் கால்களுக்கிடையே குனிந்து அவரைத் தோளில் ஏற்றிக் கவிழ்க்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்து, நண்பர்கள் மேல் பழகிக் கொண்டு, ஒரு நாள் ஃபுகுஷிமாவைத் தூக்கி எறிந்தே விட்டார். தோட்சக்கரம் என்று பொருள்படும் காதா குருமா என்ற பெயரில் இன்றும் ஜூடோவில் அது இருக்கிறது.

1879 ஆகஸ்டில் அமெரிக்காவின் முன்னாள் தலைவர் கிராண்ட் தோக்கியோ வந்தபோது அவர் முன்னிலையில் ஜுஜுட்சு காட்டிய குழுவில் ஃபுகுடாவும் கானோவும் இருந்தனர். அதற்குச் சில நாள்களுக்குள் ஃபுகுடா காலமானார். கானோ அடுத்து அதே மரபினரான இசோ என்பவரிடம் சென்றார். அவரும் 1881இல் மறைந்தார். மூன்றாவதாகக் கித்தோ என்னும் வேறொரு மரபின் ஆசிரியரான இக்குபோவிடம் சேர்ந்தார். கித்தோ மரபின் உயிர் எறிதல். இவரிடம் பயிலும்போதுதான் எதிராளியின் நிலையை முதலில் குலைத்துவிட்டு, பிறகே எறிய வேண்டும் என்ற உண்மை கானோவுக்குப் பிடிபட்டது. ஒரு நாள் ஆசிரியரையே அவர் அடுத்தடுத்து எறிந்தார். காரணத்தை விளக்கக் கேட்ட இக்குபோ, தாம் இனிக் கற்பிக்க ஏதுமில்லை என்று ஒப்புக்கொண்டு, மரபின் ஓலைகளைக் கொடுத்து அனுப்பினாராம். தோல்வியை இவ்வளவு அழகாக ஏற்றுக்கொண்ட ஆசிரியரைப் பற்றி நாம் அதிகம் படிப்பதில்லை.

1882இல் கானோவுக்கு இருபத்தொரு வயது. தோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள இடத்தில் தம் பள்ளியைத் தொடங்கினார். பெயர் கோதோக்கான். நெறியைப் பயிலும் இல்லம் என்று பொருள். முதலாண்டில் சேர்ந்தவர்கள் ஒன்பதே பேர். மாணவர்கள் விழுந்த வேகத்தில் கோயிலில் முன்னோர் பெயர் பொறித்த பலகைகள் ஆடி விழுந்தன. தரைக்கடியில் தாங்கு கட்டைகள் முறிந்தன. இரவில் விளக்கைப் பிடித்துக் கொண்டு தரைக்கடியில் ஊர்ந்து சென்று ஆசிரியரே கட்டைக்கு முட்டுக் கொடுத்தார். பகலில் உயர்குடிப் பிள்ளைகள் படிக்கும் ககுஷுயின் பள்ளியில் வேலை, மாலையில் இந்தப் பாய். கோதோக்கானில் கட்டணம் வாங்கவில்லை. தம் சம்பளத்திலும் மொழிபெயர்ப்பு வருமானத்திலும் மாணவர்களுக்குச் சோறும் போட்டார்.

இனி நான் ஆறு வாரமும் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய மரபுகளில் பூட்டுகளைக் கற்பிக்கும் முறை பெரும்பாலும் ஒத்திகை போன்றது. ஒருவர் தாக்குவார், மற்றவர் முன்பே வகுத்த முறையில் பூட்டுவார். இதற்குக் கட்டா என்று பெயர். இதில் ஆபத்தில்லை, ஆனால் எதிர்ப்புமில்லை. எதிர்க்காதவன் கையைப் பூட்டக் கற்றவன், எதிர்க்கிறவன் முன்னால் என்ன செய்வான்? அதற்காக மெய்யாகவே ஒடித்துப் பழகினால் நாளை பழக ஆள் கிடைக்காது. கானோ இந்த முடிச்சை அவிழ்த்தார். கண்ணில் குத்துவது, உயிர்நிலையில் அடிப்பது போன்றவற்றைக் கட்டாவுக்குள்ளேயே வைத்துப் பூட்டினார். எறிதல், அமுக்கிப் பிடித்தல், கழுத்து நெரிப்பு, மூட்டுப் பூட்டு ஆகியவற்றை மட்டும் ராந்தோரி என்னும் தடையற்ற பயிற்சிக்கு எடுத்தார். அதில் இருவரும் முழு மனத்தோடு எதிர்க்கலாம், முழுப் பலத்தோடு மீறலாம். பிடிபட்டால் தட்டலாம். தட்டுவதை அவர் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை, பழைய பள்ளிகளிலும் தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளங்கள் இருந்தன. ஆனால் ஒரு பாடத்திட்டம் முழுவதையும் அதன்மேல் நிறுத்தியவர் இவர்.

இதன் பயன் என்னவென்று பூட்டின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். நீட்டிய கையை இரு தொடைகளுக்கிடையே இறுக்கி, மணிக்கட்டை மார்போடு அணைத்து, இடுப்பை உயர்த்தினால் எதிராளியின் முழங்கை நெம்புகோலின் ஆதாரப் புள்ளியில் அகப்பட்டுக் கொள்கிறது. உங்கள் இடுப்பின் வலுவெல்லாம் அவன் ஒரு மூட்டுக்கு எதிராக நிற்கிறது. அதுபோலவே கழுத்தின் இரு பக்கமும் ஓடும் இரத்தக் குழாய்களைச் சரியாக அழுத்தினால் பத்து வினாடியளவில் நினைவு தப்பும். இவை மெதுவாக ஏறும் பிடிகள். ஏறும்போதே பிடிபட்டவனுக்குத் தெரியும். ஆகவே ஒரே மாலையில் இருபது முறை பிடிபடலாம், இருபது முறையும் தட்டிவிட்டு எழுந்து, எங்கே தவறினோம் என்று பார்க்கலாம். முழு வேகத்தில் விடும் குத்தை இப்படி நாளுக்கு இருபது முறை பழக முடியுமா?

1899இல் கியோத்தோவில் போட்டி விதிகளை வகுத்த குழுவுக்குக் கானோ தலைமை தாங்கினார். விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய சிறு மூட்டுகளைப் பூட்டுவது விலக்கப்பட்டது. அங்கே வலி தெரியுமுன் முறிவு வந்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. பின்னர் படிப்படியாக முழங்காலும் விலக்கப்பட்டு, முழங்கை ஒன்றே மிஞ்சியது.

இப்படியெல்லாம் எழுதுவதால் கோதோக்கான் எப்போதும் வென்றது என்று எண்ண வேண்டாம். ஃபுசென் மரபைச் சேர்ந்த தனாபே மாதாயெமோன் என்பவர், நின்று மோதாமல் தரைக்கு இழுத்துச் சென்று கோதோக்கான் வீரர்கள் சிலரைப் பூட்டியும் நெரித்தும் வென்றார். அவரிடம் மீண்டும் தோற்ற தோபாரி என்னும் வீரர் அதன் பிறகு தரைப் பயிற்சியிலேயே மூழ்கினார். தோற்கடித்தவர்களின் வித்தையைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கோதோக்கான் தயங்கவில்லை.

1893இல் கானோ தோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். இடையிடையே விலகியும் மீண்டும், 1920 வரை அப்பதவியில் இருந்தார். நாடெங்கும் பள்ளி ஆசிரியர்கள் அங்கிருந்துதான் போனார்கள். சீன மாணவர்களுக்காக அவர் நடத்திய கோபுன் கல்வி நிலையத்தில் 1902இல் சேர்ந்த ஓர் இளைஞரே பின்னாளில் சீனத்தின் பெரும் எழுத்தாளர் லூ சுன். 1909இல் உலக ஒலிம்பிக் குழுவில் கானோ உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து அதில் இடம்பெற்ற முதல் மனிதர் அவரே. 1912இல் ஸ்டாக்ஹோம் நகருக்கு ஜப்பான் முதன்முதலாக அனுப்பிய இரண்டு ஓட்டக்காரர்களை அழைத்துச் சென்றவரும் அவரே.

ஓர் இடத்தில் நான் கானோவோடு உடன்படவில்லை. 1914 முதல் கியோத்தோ பேரரசுப் பல்கலைக் கழகத்தின் ஆதரவில் உயர்நிலைக் கல்லூரிகளுக்கிடையே ஜூடோ போட்டிகள் நடந்தன. கோசென் என்பது அதன் பெயர். குழுவுக்குக் குழு மோதல். மூன்றே ஆண்டு படிக்கும் மாணவன் எறிதலில் தேர்ந்தவனாவது அரிது. ஆனால் தரையில் பிடித்துத் தொங்கி, வலியவனைச் சமநிலையில் நிறுத்திவிட்டால் குழு தப்பிக்கும். ஆகவே மாணவர்கள் தரையிலேயே படுத்து இரவு பகலாகப் பூட்டுகளை ஆராய்ந்தார்கள். இரு கால்களையும் முக்கோணமாகக் கோத்து, எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து இறுக்கும் நெரிப்பு 1920களில் அந்த மாணவர் வட்டத்தில்தான் வளர்ந்தது. கானோவுக்கு இது பிடிக்கவில்லை. நிமிர்ந்து நின்று பயில்வதே உடம்புக்கும் வாழ்க்கைக்கும் ஏற்றது, எறிதல் முதலில், தரை பிறகு என்பது அவர் கருத்து. 1925இல் தரைக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. மாணவர்களோ தங்கள் போட்டியில் தங்கள் விதியையே வைத்துக் கொண்டார்கள். முதல்வர் சொல்லியும் கேட்காத அந்த மாணவர்கள் பக்கம் நான் நிற்கிறேன். விடுதியில் அடிபட்ட சிறுவன் கானோ அங்கே இருந்திருந்தால், அவனும் தரையில்தான் படுத்திருப்பான் என்று தோன்றுகிறது.

தரை வித்தை கடலும் கடந்தது. 1897இல் கோதோக்கானில் சேர்ந்த மித்சுயோ மாயேதா, 1904இல் கானோவின் மூத்த மாணவர் தொமிதாவோடு அமெரிக்கா சென்று, பல நாடுகளில் மோதிவிட்டு 1914இல் பிரேசிலை அடைந்தார். பெலெம் நகரில் குடியேறிய அவரிடமிருந்து கிரேசி குடும்பத்துக் கார்லோஸ் இக்கலையைப் பெற்றார். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், எந்தக் கலைஞரும் எந்தக் கலைஞரோடும் மோதலாம் என்று நடத்திய முதல் போட்டியில், அக்குடும்பத்து ராய்ஸ் என்ற ஒல்லியான இளைஞர் ஒரே இரவில் மூவரைத் தட்ட வைத்தார். எங்கள் ஊர்க் கூடம் வரைக்கும் இந்த வித்தை வந்த வழி இதுதான்.

1938 மார்ச்சில் கெய்ரோவில் ஒலிம்பிக் குழு கூடியது. 1940ஆம் ஆண்டு விளையாட்டைத் தோக்கியோவுக்கே உறுதி செய்யப் போராடிவிட்டு, எழுபத்தேழு வயதுக் கானோ ஹிகாவா மாரு என்ற கப்பலில் திரும்பினார். வழியில் நுரையீரல் அழற்சி கண்டு, கப்பல் யோகோஹாமா சேர இரண்டு நாள் இருக்கையில், மே 4ஆம் நாள் உயிர் நீத்தார். சில மாதங்களில் போர் காரணமாக ஜப்பான் அந்த விளையாட்டையே கைவிட்டது. அக்கப்பல் இன்றும் யோகோஹாமாத் துறையில் காட்சிப் பொருளாக நிற்கிறது. ஜூடோ 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அங்கே அனைத்து எடைப் பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானியரான காமினாகாவை ஹாலந்து நாட்டு ஹீசிங்க் தரையில் அமுக்கிப் பிடித்து வென்றார். நல்லவேளை, அதைக் கானோ பார்க்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்பதே என் எண்ணம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தம் முதல் ஆசிரியர் ஃபுகுடாவை அவர் மறக்கவில்லை. அவர் பேத்தி கேய்கோவைக் கோதோக்கானின் பெண்கள் பிரிவில் சேருமாறு தாமே அழைத்தார். 1935இல் சேர்ந்த அந்தப் பெண், திருமணத்தையும் தவிர்த்து, அமெரிக்கா சென்று கற்பித்து, 2011இல் பத்தாம் படியைப் பெற்று, 2013இல் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார்.

கட்டு அவிழ்த்த மறுநாள் என் தோழன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காப்பி கொடுத்தார்கள். அவன் பேசவில்லை. தவறு உன்னுடையதல்ல, தட்டாதவன் நான் என்றேன். தலை குனிந்தபடியே இருந்தான். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை கூடத்து வாசலில் வந்து நின்றான். அன்றும் சுவரோரம் முதலாண்டு மாணவர்கள் இருந்தார்கள். பாயில் உட்கார்ந்து என் இடக்கையை நீட்டினேன். பூவைப் பிடிப்பது போலப் பிடித்தான். ஒழுங்காகப் போடு என்றேன். மணிக்கட்டை மார்போடு சேர்த்து மெல்ல இடுப்பை உயர்த்தினான். வலி வருமுன்பே, எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு முறை தட்டினேன். உடனே விட்டான். பிறகு அவன் தன் கையை நீட்டினான்.